200 ஸ்பிரிங் கலப்புப் பெட்டி: எல்லா அளவும் உண்டு, சுருள் மாறிலியைத் தவிர

பழுது பார்ப்பவர்களும் சின்னச் சின்னக் கருவி செய்து பார்ப்பவர்களும் வாங்கும், பிராண்டு பெயர் இல்லாத கலப்புப் பெட்டி இது. அறை பிரித்த பிளாஸ்டிக் டப்பாவில் 20 அளவுகள், அளவுக்குப் பத்து. பாதி அமுக்கு ஸ்பிரிங், பாதி இரு முனையிலும் கொக்கி வைத்த இழுவை ஸ்பிரிங். மூடிக்குள் ஒட்டிய அட்டையில் கம்பித் தடிமன், வெளி விட்டம், நீளம் மூன்றும் இருக்கின்றன. எத்தனை நியூட்டனுக்கு எத்தனை மி.மீ. அசையும் என்று சொல்லும் சுருள் மாறிலி மட்டும் இல்லை. விசை ஏறும் அதே விகிதத்தில் ஸ்பிரிங்கும் நீளும் என்ற தன் விதியை ராபர்ட் ஹூக் 1676இல் எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678இல்தான் விடையை அவிழ்த்தார். பெட்டிக்காரர் புதிரோடு நிறுத்திக்கொண்டார்.

விடையை நாமே போடலாம். கம்பித் தடிமனின் நான்காம் படியை எஃகின் விறைப்புக் குணகத்தால் (முறுக்கலை அது எவ்வளவு எதிர்க்கிறது என்ற எண்) பெருக்க வேண்டும். சராசரி விட்டத்தின் மூன்றாம் படி, வேலை செய்யும் சுற்றுகள், 8 ஆகிய மூன்றையும் பெருக்கி, வந்ததால் அதை வகுக்க வேண்டும். அட்டையில் 1 மி.மீ. கம்பி, 10 மி.மீ. வெளி விட்டம், 30 மி.மீ. நீளம் என்று போட்ட அமுக்கு ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். எண்ணினால் 10 சுற்று. இரு முனையிலும் படுத்துக் கிடக்கும் ஒவ்வொரு சுற்றைக் கழித்தால் 8. சராசரி விட்டம் 9. குணகம் 79,300 நியூட்டன்/ச.மி.மீ. என்று வைத்தால், மி.மீ.க்கு 1.7 நியூட்டன்.

சமையலறை டிஜிட்டல் தராசின் மேல் நிறுத்தி 5 மி.மீ. அமுக்கினால் சுமார் 870 கிராம் காட்ட வேண்டும். காட்டியது 690. கோளாறு கணக்கில் இல்லை, கம்பியில். மைக்ரோமீட்டரில் பிடித்தால் 1 மி.மீ. கம்பி 0.95தான். தடிமன் நான்காம் படியாக ஏறுவதால், கண்ணுக்கே தெரியாத அந்த 0.05 மி.மீ. விசையில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. அட்டையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்; கம்பியை அளந்துவிட்டுப் போடுங்கள்.

அமுக்கு ஸ்பிரிங்கில் இன்னொரு குறை, முனைகள் மடக்கப்பட்டிருக்கின்றனவே தவிர, அரைத்துத் தட்டையாக்கப்படவில்லை. நிறுத்தினால் ஒரு பக்கம் சாய்கிறது. சுற்றுகள் முழுதும் ஒட்டும்போது உயரம் 10 மி.மீ.க்குப் பதில் கிட்டத்தட்ட 11. மிச்சமுள்ள 19 மி.மீ. ஓட்டத்தில் 15க்கு மேல் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. இதே விட்டத்தில் 50 மி.மீ. நீளமும் பெட்டியில் இருக்கிறது; அது நடுவில் வளைந்து வெளியே பிதுங்கும். நீளம் விட்டத்தின் நான்கு மடங்கைத் தாண்டினால் உள்ளே ஒரு கம்பியோ வெளியே ஒரு குழாயோ கட்டாயம். அமுங்கும்போது விட்டம் கொஞ்சம் பெருகும் என்பதால், குழாயை இறுக்கமாகப் போடக்கூடாது.

இழுவை ஸ்பிரிங்குகள் பரவாயில்லை, நன்றாகவே இருக்கின்றன. 0.5 மி.மீ. கம்பி, 5 மி.மீ. விட்டம் உள்ளதைத் தொங்கவிட்டு, பாட்டிலோடு சேர்த்து எடை பார்த்துத் தண்ணீர் ஊற்றியபோது: 100 கிராமுக்கு அசைவே இல்லை, 200க்கு 4 மி.மீ., 300க்கு 9, 400க்கு 14, 500க்கு 19. முதல் 100 கிராமுக்கு அசையாததைக் கண்டு பழுது என்று நினைக்க வேண்டாம். சுற்றுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்தபடியே சுற்றப்பட்டிருப்பதால், சுமார் 120 கிராம் தாண்டிய பிறகே விரியத் தொடங்கும். ஹூக் விதியின் நேர்கோடு அங்கிருந்துதான். அதன் பின் 100 கிராமுக்கு 5 மி.மீ., அதாவது மி.மீ.க்கு 0.196 நியூட்டன். 1 கிலோ வரை கோடு நேராகப் போனது. 1.4 கிலோ ஏற்றி இறக்கியபோது 3 மி.மீ. திரும்பவே இல்லை; பழைய நீளத்துக்குத் திரும்பக்கூடிய மீட்சி எல்லையைத் தாண்டிவிட்டது. அமுக்கு ஸ்பிரிங் சுற்றுகள் ஒட்டியதும் தானே நின்றுகொள்ளும். இழுவைக்கு அந்தத் தடுப்பு கிடையாது, நீங்கள்தான் வைக்க வேண்டும்.

அளவு பொருந்தவில்லை என்று அமுக்கு ஸ்பிரிங்கை வெட்டுபவர்கள் கவனிக்க: வேலை செய்யும் சுற்று பாதியானால் அது இரு மடங்கு கடினமாகும். வெட்டிய முனையைத் தீயில் காட்டி மடக்கினால் பதம் இறங்கி, அந்தச் சுற்று செத்துவிடும். இழுவையில் முதலில் முறிவது கொக்கியின் வளைவு. கூர்மையாக மடக்கிய கொக்கிகள் சில பெட்டியில் கிடந்தன; அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

மேலே துத்தநாகப் பூச்சு. மின்முலாம் பூசிய உடன் சூளையில் வாட்டாவிட்டால் ஹைட்ரஜன் உள்ளே தங்கி, கம்பியை நொறுங்க வைக்கும். இதில் வாட்டினார்களா என்று அட்டை சொல்லவில்லை. கதவுத் தாழ், பேட்டரி பிடிப்பான், சோதனை மாதிரி போன்றவற்றுக்குத் தாராளமாகப் போடலாம். நாள் முழுதும் இழுபடும் இடத்துக்கும், அறுந்தால் ஆளுக்கு அடிபடும் இடத்துக்கும் மாறிலி அச்சிட்டு வரும் ஸ்பிரிங்கைத் தனியாக வாங்குங்கள்.

டப்பாவின் அறைச் சுவர் மூடியைத் தொடவில்லை. ஒரு முறை கவிழ்ந்தால் 20 அளவும் கலந்து, கொக்கிகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொள்ளும். இழுத்துப் பிரிக்காதீர்கள், திருகி எடுங்கள். மெல்லிய ஸ்பிரிங் அந்த இழுப்பிலேயே எல்லை தாண்டிவிடும்.