விசை வழியா, ஆற்றல் வழியா? எந்தக் கணக்குக்கு எது கைகொடுக்கும்

சாய்தளம், கப்பி, சுருள்வில் என்று எந்தக் கணக்கு வந்தாலும் இரண்டு வழிகள் முன்னால் நிற்கும். ஒன்று, பொருளின் மேல் செயல்படும் விசைகளைப் படம் வரைந்து, நியூட்டனின் இரண்டாம் விதியால் முடுக்கம் கண்டு, அங்கிருந்து இயக்கச் சமன்பாடுகளுக்குப் போவது. மற்றது, தொடக்கத்தில் எவ்வளவு ஆற்றல், முடிவில் எவ்வளவு, நடுவில் உராய்வு எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று வரவு செலவு பார்ப்பது. ஆற்றல் வழிதான் எப்போதும் குறுக்குவழி என்ற நம்பிக்கை மாணவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அதில் பாதிதான் உண்மை.

கீழே எல்லாக் கணக்கிலும் புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி².

இரண்டும் சமமாக ஓடும் கணக்கு ஒன்றை முதலில் பார்ப்போம். 30° சாய்தளத்தில் 2 கி.கி கட்டை ஓய்விலிருந்து 4 மீ சறுக்குகிறது. இயக்க உராய்வுக் குணகம் 0.2. அடிக்கு வரும்போது வேகம் என்ன?

விசை வழியில், தளத்தின் வழியே எடையின் கூறு 20 × சைன் 30° = 10 நியூட்டன். தளம் கட்டையைத் தனக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசை, அதாவது செங்குத்து விசை, 20 × கொசைன் 30° = 17.32. உராய்வு அதில் 0.2 பங்கு, அதாவது 3.46. மிச்சம் 6.54 நியூட்டன், முடுக்கம் 3.27 மீ/வி². வேகத்தின் வர்க்கம் 2 × 3.27 × 4 = 26.1, வேகம் 5.11 மீ/வி.

ஆற்றல் வழியில், இறங்கிய உயரம் 2 மீ, இழந்த நிலை ஆற்றல் 40 ஜூல். உராய்வுக்குப் போனது 3.46 × 4 = 13.9 ஜூல். மிச்சம் 26.1 ஜூல் இயக்க ஆற்றல். அதே 5.11.

இரண்டு வரி மிச்சமானது உண்மைதான். ஆனால் அந்த 3.46 எங்கிருந்து வந்தது? செங்குத்து விசையிலிருந்து. அதைக் காண விசைப் படம் வரைந்தே ஆகவேண்டும். உராய்வு இருக்கும் கணக்கில் ஆற்றல் வழி விசைப் படத்திலிருந்து யாருக்கும் விலக்கு தருவதில்லை. அடிக்கு வர எத்தனை வினாடி என்று அடுத்த கேள்வி வந்தால் ஆற்றல் வழியில் நேரடி விடை கிடையாது. விசை வழியில் 5.11 ÷ 3.27 = 1.56 வினாடி என்று ஒரே வரி.

இந்த இடத்தில் வழக்கமாக இரண்டு தவறுகள் நடக்கும். உராய்வின் வேலைக்குச் சறுக்கிய தூரம் 4 மீட்டருக்குப் பதில் உயரம் 2 மீட்டரைப் போடுவது ஒன்று. நிலை ஆற்றல் இழப்பையும் ஈர்ப்பு விசை செய்த வேலையையும் சேர்த்துக் கூட்டி 40 ஜூலை 80 ஆக்குவது இன்னொன்று. நிலை ஆற்றல் இழப்பும் ஈர்ப்பு விசையின் வேலையும் ஒரே பணம்தான். ஒருமுறைதான் வரவு வைக்கலாம்.

ஆற்றல் வழி ஏமாற்றும் இடம்

கோணத்தை 20° ஆக்குங்கள். ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, இயக்க உராய்வுக் குணகம் 0.3. அதே 2 கி.கி, அதே 4 மீ, ஓய்விலிருந்து. ஆற்றல் வழியில் நேராக இறங்கினால்: கீழே இழுக்கும் கூறு 6.84 நியூட்டன், இயக்க உராய்வு 5.64, வித்தியாசம் 1.20, நான்கு மீட்டருக்கு 4.8 ஜூல், வேகம் 2.19 மீ/வி. கணக்கில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனால் கட்டை அசையவே அசையாது! ஓய்வுநிலை உராய்வு 7.52 நியூட்டன் வரை தாங்கும், இழுப்பதோ 6.84 தான்.

நகருமா நகராதா என்று ஆற்றல் கணக்கு கேட்பதே இல்லை. நகர்ந்தது என்று வைத்துக்கொண்டுதான் தொடங்கும். அதனால் ‘ஓய்விலிருந்து’ என்ற சொல்லையும் உராய்வையும் ஒரே கணக்கில் பார்த்தால் முதலில் விசை வழியில் ஒரு சோதனை போடுவது கட்டாயம். அசையாமல் நிற்கும் இந்தக் கட்டையின் மேல் உராய்வு எவ்வளவு? 7.52 என்று எழுதுபவர்கள் ஏராளம். 6.84 தான். ஓய்வுநிலை உராய்வு தேவையான அளவுக்குத்தான் எதிர்க்கும், 7.52 அதன் உச்ச வரம்பு.

செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று எடுத்துக்கொள்வது இரண்டு வழியையும் ஒருசேரக் கெடுக்கும். தரையிலுள்ள 5 கி.கி பெட்டியை 20 நியூட்டன் விசையால், கிடையிலிருந்து 30° மேல்நோக்கி இழுக்கிறோம். இயக்க உராய்வுக் குணகம் 0.3, பெட்டி நகர்ந்துகொண்டிருக்கிறது. கயிறே 10 நியூட்டனைத் தூக்கிக்கொள்வதால் செங்குத்து விசை 40 தான். உராய்வு 12, முடுக்கம் 1.06 மீ/வி². 50 என்று போட்டால் உராய்வு 15, முடுக்கம் 0.46. பாதிக்கும் கீழே விழுந்துவிடுகிறது.

விசை வழி திணறும் இடம்

சுருள்வில். விசை மாறிலி 200 நியூட்டன்/மீ, 0.1 மீ அமுக்கி 0.5 கி.கி கட்டையை விடுகிறோம். வில் விரியும் பகுதி வழுவழுப்பானது, அதன் பிறகு உராய்வுக் குணகம் 0.25 உள்ள தரை. வில்லில் இருப்பது 1 ஜூல். தரை உராய்வு 1.25 நியூட்டன், 0.8 மீ போய் நிற்கும். ஆற்றல் வழியில் அவ்வளவுதான். விசை வழியில் போனால் வில்லின் விசை 20 நியூட்டனிலிருந்து பூச்சியத்துக்குக் குறைந்துகொண்டே வரும். மாறா முடுக்கத்துக்கான சமன்பாடுகள் இங்கே செல்லாது. கடைசிவரை 20 நியூட்டன் என்று போட்டால் 2 ஜூல், 1.6 மீ, விடை சரியாக இரட்டிப்பாகிவிடும்.

கப்பிக் கணக்கில் கேள்வியைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கலாம். மேசைமேல் 3 கி.கி, தொங்குவது 2 கி.கி, இயக்க உராய்வுக் குணகம் 0.2. தொங்கும் கட்டை 0.5 மீ இறங்கியதும் வேகம் கேட்டால்: 10 ஜூலில் உராய்வு 3 போக 7 ஜூல், மொத்த 5 கி.கி-க்கு வேகம் 1.67 மீ/வி. கயிற்றின் இழுவிசை கணக்குக்குள் வரவே இல்லை. ஒரு கட்டையில் செய்த வேலையை மறு கட்டையில் அடித்துவிடுகிறது. இழுவிசையைக் கேட்டாலோ விசை வழிதான்: முடுக்கம் 14 ÷ 5 = 2.8, இழுவிசை 2 × (10 − 2.8) = 14.4 நியூட்டன். தொங்கும் எடையான 20-ஐ அப்படியே இழுவிசையாக எழுதுவது தவறு. கட்டை முடுக்கத்தோடு இறங்கும்போது இழுவிசை எடையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

மோதல் வந்தால் இரண்டையும் ஓரம் வைத்து உந்தத்தை (நிறை × திசைவேகம்) எடுங்கள். 6 மீ/வி வேகத்தில் வரும் 2 கி.கி, நிற்கும் 4 கி.கி-யில் ஒட்டிக்கொண்டால் வேகம் 2 மீ/வி. 36 ஜூல் 12 ஆகிவிடும். அதன் பிறகு 0.2 குணகமுள்ள தரையில் 1 மீ சறுக்கும். ஆற்றல் மாறாது என்று போட்டவருக்கு 3 மீ வரும்.

இரண்டு வழியும் சேர்ந்தால்தான் தீரும் கணக்கும் உண்டு. உராய்வற்ற பாதையில் சறுக்கி வந்து செங்குத்து வட்டத்தைச் சுற்றும் பொருளைக் குறைந்தது எந்த உயரத்திலிருந்து விடவேண்டும்? உச்சியின் உயரம் இரண்டு ஆரம், ஆகவே அந்த உயரமே போதும் என்று ஆற்றல் கணக்கு மட்டும் பார்த்தவர் சொல்வார். உச்சியில் வேகம் பூச்சியமானால் வட்டப் பாதைக்குத் தேவையான மையநோக்கு விசையும் பூச்சியம், எடையோ அதைவிட அதிகமாக இழுக்கும். பொருள் உச்சியைத் தொடும் முன்பே பாதையை விட்டு விலகி விழுந்துவிடும். உச்சியில் எடையே மையநோக்கு விசையாக இருக்கவேண்டும் என்பது விசை வழி தரும் நிபந்தனை. அங்கே வேகத்தின் வர்க்கம் புவியீர்ப்பு முடுக்கம் × ஆரம். இதை ஆற்றல் சமன்பாட்டில் போட்டால் இன்னும் அரை ஆரம் சேர்ந்து, விடவேண்டிய உயரம் 2.5 மடங்கு ஆரம்.