340 டாலருக்கு வாங்கிய சேடில்: வில் பருவத்துக்கு முன் ஓர் எச்சரிக்கை

மரத்தில் தொங்கியபடி மான் வேட்டையாட உதவும் சேடிலை எப்படித் தேர்ந்தெடுப்பது, இடுப்பு வலிக்காமல் எப்படிப் பொருத்திக்கொள்வது என்று விரிவாக எழுதித் தருவதாக, மிச்சிகனில் என்னோடு வில் பழகும் நண்பர்கள் சிலரிடம் ஆகஸ்ட் மாதமே சொல்லியிருந்தேன். அதை நிதானமாக எழுதும் மனநிலையில் இப்போது நான் இல்லை. வில்லால் மான் வேட்டையாட அனுமதிக்கும் வில் பருவம் அக்டோபர் 1ஆம் தேதி தொடங்குகிறது. இன்னும் நான்கு நாட்கள்தான் இருக்கின்றன. என் கையில் இருப்பதோ, 340 டாலர் கொடுத்து வாங்கிய, ஒரு மூட்டை வைக்கோலைக்கூட நம்பித் தொங்கவிட முடியாத கந்தல். முந்தாநாள் மாலை அதிலிருந்து விழுந்தேன். எழுத உட்காரும்போது இன்னும் வால் எலும்பு வலிக்கிறது.

சேடில் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரத்தில் ஏணியோடு இருக்கையைக் கட்டி உட்காருவது பழைய வழக்கம். சேடில் அப்படியல்ல; அது இடுப்பையும் தொடையின் மேற்பகுதியையும் அணைத்துக்கொள்ளும் ஓர் அகலமான கச்சை. அதன் இரு பக்கத்து வளையங்களையும் முன்புறமாக இணைக்கும் கயிற்றுக்குப் பிரிட்ஜ் என்று பெயர். மரத்தைச் சுற்றிக் கட்டிய டெதர் கயிற்றில் அந்தப் பிரிட்ஜைக் காரபினர் என்னும் உலோகக் கொக்கி கொண்டு மாட்டிவிட்டு, காலடியில் ஒரு சிறு மேடையை வைத்துக்கொண்டு, மரத்தைப் பார்த்தபடி சாய்ந்தோ உட்கார்ந்தோ மணிக்கணக்கில் காத்திருக்கலாம். மரங்களைப் பராமரிக்கும் தொழிலாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கருவியின் தம்பி என்று இதைச் சொல்லலாம். இங்கே பொது நிலங்களில் மரப்பட்டையைத் துளைக்கும் எதையும் பொருத்தி ஏறக்கூடாது என்பது சட்டம். ஆகவே மரத்தைச் சுற்றி வார்ப்பட்டையால் கட்டும் ஏணித் துண்டுகளும் சேடிலும் கொண்டு ஏறுவது, சுமை குறைவாகவும் சட்டத்துக்கு உட்பட்டதாகவும் இருக்கிறது. வேட்டையா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் இங்கே வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்தால்தான் பொதுவாக உரிமமே பெற முடியும். நானும் முடித்திருக்கிறேன். அந்தப் பயிற்சியில், மரத்திலிருந்து விழுவதுதான் வேட்டைக்காரனின் பெரிய ஆபத்துகளுள் ஒன்று என்று சொன்னதை, ஏதோ பிறருக்குச் சொன்னதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பழைய பொருட்களை அக்கம்பக்கத்தார் தமக்குள் விற்று வாங்கிக்கொள்ளும் ஓர் இணையச் சந்தையில்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். சேடில், மேடை, டெதர், ஏறும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டும் லைன்மேன் கயிறு, முழங்கால் திண்டு, எல்லாவற்றையும் வைக்க ஒரு பை, ஆக மொத்தம் 340 டாலர். ஒரே பருவம் பயன்படுத்தியது, பெரிய அளவு என்று எழுதியிருந்தது. புதிதாக வாங்கினால் எனக்கு ஏறக்குறைய இரு மடங்கு ஆகியிருக்கும். மலிவுக்காக நான் மயங்கிவிட்டேன் என்று நீங்கள் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதால்தான் அடுத்து நடந்ததை விரிவாகச் சொல்கிறேன். நான் மயங்கியது விலையைப் பார்த்து அல்ல, அந்த மனிதரின் அறிவைப் பார்த்து.

ஆகஸ்ட் மாதத்தின் ஒரு சனிக்கிழமை, ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பூங்காவின் வண்டி நிறுத்தத்தில் சந்தித்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். (மரியாதைப் பன்மை எழுதக் கை கூசுகிறது, பழக்கத்துக்காக எழுதுகிறேன்.) தம் சேடிலைத் தாமே இடுப்பில் அணிந்து வந்திருந்தார். நான் வாங்கவிருப்பதும் இதே வகை, இதே அளவுதான் என்றும், அதைத் துவைத்து மடித்துப் பையில் வைத்துவிட்டதால் முதலில் இதைப் போட்டுப் பார்த்துப் பழகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஒரு பொருளைக் காட்டி இன்னொரு பொருளை விற்பது எல்லா ஊர்ச் சந்தையிலும் நடக்கும் பழைய வித்தைதான். ஆனால் அதை ஓர் ஓக் மரத்தடியில் முக்கால் மணி நேரம் பாடம் நடத்தியபடி ஒருவர் செய்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் நடத்திய பாடத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் என்னை இன்றும் எரிச்சலூட்டுகிறது. கச்சையின் மேல் விளிம்பு இடுப்பெலும்புக்குச் சற்று மேலே இருக்க வேண்டும், கீழ் விளிம்பு பிட்டம் தொடையோடு சேரும் இடத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும் என்று காட்டினார். தொடைப் பட்டைகளை இறுக்காமல் உள்ளங்கை நுழையும் அளவு தளர்த்திவிட்டார். எடையைத் தாங்குவது அவற்றின் வேலை அல்ல, கச்சை மேலே நழுவாமல் பார்த்துக்கொள்வதுதான் என்றார். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மேடையைக் கட்டி, டெதரின் முடிச்சை என் நெற்றி மட்டத்தில் வைத்து, மெல்லச் சாயச் சொன்னார். பக்க எலும்புகள் இரண்டையும் யாரோ இடுக்கியால் நெரிப்பதுபோல் இருந்தது. அதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, பிரிட்ஜை நான்கு விரல் அகலம் நீளமாக்கினார். அவ்வளவுதான், நெரிப்பு விட்டது. பிரிட்ஜ் குட்டையாக இருந்தால் இரு பக்கமும் உள்நோக்கி இழுத்து இடுப்பைப் பிழியும், நீளமானால் அந்த இழுவிசை குறையும், ஆனால் அளவுக்கு மீறி நீண்டால் டெதரைக் கையால் எட்டிப் பிடிக்க முடியாமல் போகும் என்று விளக்கினார். பிறகு டெதரை ஒரு சாண் உயர்த்தி உட்காரவும், தாழ்த்திச் சாயவும் செய்து காட்டினார். ஒரே நிலையில் இருந்தால் எந்தச் சேடிலும் வலிக்கும் என்றும், அரை மணிக்கு ஒருமுறை உட்காருவதையும் சாய்வதையும் முழங்காலை மரத்தில் ஊன்றுவதையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும் என்றும், டெதரில் ஒருபோதும் தொய்வு விடக் கூடாது என்றும் சொன்னார். அந்தக் கயிறு நீண்டு கொடுத்து விழுபவரைத் தாங்கும் வகைக் கயிறு அல்ல, விழவே விடாமல் பிடித்து வைக்கும் கயிறு.

நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஓக் மரத்தில் தொங்கினேன். ஊஞ்சலைப்போல் இருந்தது. இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவாரா என்ற எண்ணம் அந்தக் கணத்தில்தான் என்னுள் உட்கார்ந்தது என்று நினைக்கிறேன். கீழே இறங்கியதும் கைபேசியிலேயே, கட்டணம் பிடிக்காத, நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் 340 டாலரை அனுப்பினேன். அப்படி அனுப்பினால் இருவருக்கும் மிச்சம் என்று அவர்தான் சொன்னார். பையைத் தாமே தூக்கி வந்து என் வண்டியின் பின்புறத்தில் வைத்தார். நான் அதன் ஜிப்பைக்கூட இழுத்துப் பார்க்கவில்லை.

அலுவலக வேலையும் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த அலைச்சலும் சேர்ந்ததில் அந்தப் பை ஒரு மாதத்துக்கு மேல் கேரேஜிலேயே கிடந்தது. முந்தாநாள் மாலைதான் பிரித்தேன். நிறம் அதே நிறம், வடிவமும் ஏறக்குறைய அதே வடிவம். குளிர்கால மேலங்கியோடு அணிந்தேன், இறுக்கமாக இருந்தது. துணியின் தடிமன்தான் காரணம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கொல்லையில் இருக்கும் மேப்பிள் மரத்தில் ஒன்றரை அடி உயரத்தில் மேடையைக் கட்டினேன். சாய்ந்தேன்; இடுப்பை நெரித்தது. பிரிட்ஜை நீளமாக்க முயன்றேன். முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது. சரி, பிறகு பார்க்கலாம் என்று முழு எடையையும் இறக்கினேன். பழைய துணியைக் கிழிக்கும்போது வருமே, அந்தச் சத்தம் இடது பக்கத்தில் கேட்டது. அடுத்த நொடி தரையில் கிடந்தேன்.

வாசல் விளக்கின் கீழ் வைத்து அதைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எல்லாம் தெரிந்தது. வலது வளையத்தில் நெருக்கமான கறுப்பு நூல் தையல், இயந்திரம் போட்டது. இடது வளையத்தில் இருந்ததோ சாம்பல் நிற நூல், பெரிய பெரிய தையல்கள், யாரோ கையால் ஊசியேற்றியவை. பிரிட்ஜ் கயிறு மலையேறுவோர் பயன்படுத்தும் கயிறே அல்ல, வண்டியில் சாமான் கட்டும் வகைக் கயிறு. நுனியைத் தீயில் காட்டி உருக்கியிருந்தார்கள். தயாரிப்புத் தேதியும் எடைத் தாங்குதிறனும் அச்சிட்ட சீட்டு இருந்த இடத்தில், கத்தரித்த துணியின் இரண்டு ஓரங்கள் மட்டும் தையலுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தன. தொடைப் பட்டையின் உள்பக்கத்தில், வெட்ட மறந்த சிறு துணித்துண்டில் நடுத்தர அளவு என்று தெளிவாக நெய்திருந்தது. என் மனைவி என் தலைமுடியிலிருந்து மேப்பிள் இலையை எடுத்துப் போட்டுவிட்டு, "எவ்வளவு கொடுத்தீங்க?" என்று கேட்டாள். 340 டாலர் என்றேன். அதன் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. காட்டில் நான் ஏறத் திட்டமிட்டிருந்த உயரம் பதினெட்டு அடி என்பது அவளுக்குத் தெரியும்.

அன்றிரவே விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். மரத்திலேயே போட்டுப் பார்த்துத் திருப்தி என்று சொல்லித்தானே பணம் கொடுத்தீர்கள் என்று முதல் பதில் வந்தது. நான் போட்டுப் பார்த்தது வேறொன்று என்று எழுதியதற்கு, முடிச்சுப் போடத் தெரியாதவர்கள் விழத்தான் செய்வார்கள் என்று இரண்டாவது பதில். மூன்றாவதாக ஒரு கட்டைவிரல் படம். அதற்குப் பிறகு நான் அனுப்பியது எதுவும் போய்ச் சேரவில்லை.

சந்தை நடத்தும் நிறுவனத்தில் மனிதர் எவரையும் பிடிக்க முடியவில்லை. நேரில் கைமாறிய பொருளுக்குத் தங்கள் பாதுகாப்புத் திட்டம் பொருந்தாது என்ற ஆயத்தப் பதில் மூன்று முறை வந்தது. மூன்றாவதில், தங்களின் அனுபவத்தை ஐந்து நட்சத்திரங்களுக்கு மதிப்பிடும்படி கேட்டிருந்தார்கள். பணம் அனுப்பும் செயலியின் சேவை எண்ணில் முப்பத்து நான்கு நிமிடம் இசை கேட்ட பிறகு பேசிய பெண், பணத்தை அனுப்பியது நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் அது மோசடிப் பரிவர்த்தனை ஆகாது என்றார். வங்கியில் கேட்டால் செயலியைக் கேளுங்கள் என்றார்கள். காவல் அலுவலகத்தில் இருந்தவர் மட்டும் பொறுமையாகக் கேட்டு ஒரு புகார் எண் கொடுத்தார். ஆனால் இது உரிமையியல் விவகாரம் என்று கைவிரித்துவிட்டார். சிறு வழக்கு நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறது, வழக்கறிஞர் இல்லாமலேயே வாதாடலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அழைப்பாணை அனுப்பப் பெயரும் முகவரியும் வேண்டுமே! என்னிடம் இருப்பது ஒரு புனைபெயரும், பூங்காவின் ஓக் மரமும்தான்.

நேற்று, அறுந்த வளையத்தைத் தைத்துத் தர முடியுமா என்று வில் கடைப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கக்கூட அவர் விரும்பவில்லை. உயிரைத் தாங்கும் தையலைக் கடைக்காரன் தொடக்கூடாது, தயாரித்தவர்தான் தொட வேண்டும், சீட்டு இல்லாததற்குத் தயாரித்தவரும் இல்லை என்றார். என் பாட்டி ஊரில் பனையேறும் ஒருவர் தினமும் காலையில் தளைநாரைக் காலடியில் போட்டு மிதித்து இழுத்துப் பார்த்த பிறகே மரத்தைத் தொடுவார். அதைச் சிறுவயதில் நூறு தடவை பார்த்தவன் நான். பையின் ஜிப்பைத் திறக்கவில்லை.

தேர்வு, பொருத்தம் பற்றியெல்லாம் எழுதுவதாகச் சொன்னதற்கு இப்போதைக்கு இவ்வளவுதான் முடியும். எந்தச் சேடிலைப் போட்டுத் தொங்கிப் பார்த்தீர்களோ, அதையே கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். பைக்குள் இருப்பதை அல்ல. ஆகஸ்ட் வெயிலில் அரைக்கால் சட்டையோடு அளவு பார்க்காதீர்கள், நவம்பரில் அணியும் உடைகளைக் கையோடு கொண்டுபோங்கள். சீட்டு இல்லையென்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். இரு வளையத் தையல்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கயிறுகளைப் புதிதாகவே வாங்குங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் நண்பரல்லாதவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். வாங்கிய அன்றே முழங்கால் உயரத்தில் தொங்கிப் பாருங்கள்.

340 டாலர் போனது போனதுதான். இந்தப் பருவத்தில் நான் தரையில் உட்கார்ந்துதான் வேட்டையாடப் போகிறேன். ஆனால் இன்று காலை அந்தச் சந்தையைத் திறந்து பார்த்தேன். வேறு பெயரில், அதே பச்சைக் கட்டம் போட்ட விரிப்பின்மேல் வைத்து எடுத்த அதே படத்தோடு, பெரிய அளவு, ஒரே பருவம் பயன்படுத்தியது என்று மறுபடியும் ஒரு விளம்பரம் இருக்கிறது. விலை இப்போது 325 டாலர். புகார் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். இதை எழுதி முடிக்கும் வரை அது அங்கேதான் இருக்கிறது.