பொறுமையாகப் பார்க்கிற தோல் டாக்டர், கும்பகோணம்

அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்து லீவுக்கு வந்த மகளுக்குத் தொடையில் வளையமாகச் சிவப்பு, கூடவே காய்ச்சல். உண்ணி கடித்து வரும் லைம் நோயோ என்று பயந்துதான் மகாமகக் குளத்துப் பக்கம் உள்ள இந்த கிளினிக்குக்குப் போனோம்.

டாக்டரம்மா அவசரப்படவே இல்லை. அங்கே புல்வெளி, காடு என்று எங்கெல்லாம் நடந்தாள் என்றுகூட விசாரித்தார். ஸ்கேலால் வளையத்தை அளந்து, ஓரத்தைப் பேனாவால் வரைந்துவிட்டார். நம்ம பக்கம் சின்னப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலும் உண்டே என்று, கடித்த இடத்தில் வரும் கருப்புப் பொருக்கை அக்குள், இடுப்பெல்லாம் தேடினார். லைம் ரத்தப் பரிசோதனை முதல் சில வாரம் நெகட்டிவ் காட்டலாம், அதை நம்பி இருந்துவிடாதீர்கள் என்று சொல்லி, டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை அன்றைக்கே ஆரம்பித்தார். இரண்டுக்கும் அந்த மருந்து கேட்குமாம். நிறையத் தண்ணீரோடு விழுங்கணும், உடனே படுக்கக் கூடாது என்று சீட்டில் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார். அந்த அக்கறைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

டோக்கன் முறைதான் சரியில்லை. சாயங்காலம் உட்காரவே இடம் கிடைக்காது. வயசானவர்களோடு போகிறவர்கள் காலையிலேயே போங்கள்.