விசா அசல், கம்பெனி அசல், வேலை மட்டும் இல்லை

வெளிநாட்டு வேலை மோசடி என்றாலே போலி விசா, ஏர்போர்ட்டில் மடக்கிப் பிடித்தார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருப்போம். எனக்கு நடந்தது அதுவல்ல. விசா அசல். விசாவுக்காக வேலை கொடுக்கிற கம்பெனி தருகிற ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ், அதாவது எல்லாரும் சொல்கிற சிஓஎஸ், அதுவும் அசல். கம்பெனி பெயர் பிரிட்டன் அரசின் ஸ்பான்சர் பட்டியலில் ஏ ரேட்டிங்கோடு இருந்தது. நானே தேடிப் பார்த்து, அப்பாவிடமும் காட்டினேன். அதை நம்பித்தான் 13 லட்சம் கொடுத்தோம்.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியுவில் மூன்று வருடம் இருந்தேன். சம்பளம் 17,000. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய, அங்குள்ள நர்சிங் கவுன்சிலான என்எம்சி கேட்கிற ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் 7. எனக்கு ரைட்டிங் இரண்டு தடவையும் 6-இலேயே நின்றது. அந்த அரை மதிப்பெண்ணில்தான் ஏஜென்ட் என்னைப் பிடித்தார். "எதுக்கு சிஸ்டர் திரும்பத் திரும்ப எழுதிக்கிட்டு? கேரரா போயிருங்க. ஒரு வருஷம் வேலை பார்த்தா அங்கேயே நர்ஸ் ஆயிரலாம்" என்றார். கேரர் என்றால் முதியோர் போன்றவர்களைப் பராமரிக்கிற வேலை.

இதில் எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னதில் பாதி உண்மை. அரை மதிப்பெண்ணில் தவறவிட்டவர்கள் பிரிட்டனில் ஒரு வருடம் பராமரிப்பு வேலை பார்த்திருந்தால், அவர்களுடைய ஆங்கிலத்துக்கு வேலை கொடுத்தவரே சான்று தரலாம் என்ற வழியை என்எம்சி 2023-இல் திறந்தது. ஆனால் அதற்கு வேலை என்று ஒன்று இருக்க வேண்டுமே.

2023 அக்டோபரில் மான்செஸ்டரில் இறங்கினேன். மூன்று படுக்கையறை வீட்டில் ஒன்பது பெண்கள், ஆளுக்கு மாதம் 350 பவுண்டு வாடகை. ஒப்பந்தத்தில் வாரம் 37.5 மணி நேரம், மணிக்கு 10.75 பவுண்டு. முதல் வாரம் ரோட்டா, அதாவது யாருக்கு எப்போது வேலை என்கிற பட்டியல், வரவில்லை. "டிபிஎஸ் வரட்டும்" என்றார்கள், குற்றப் பின்னணி இல்லை என்கிற சான்று அது. அது வந்த பிறகு, "உனக்குக் கார் இல்லையே" என்றார்கள். முதியவர்களின் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை என்பதால் கார் இல்லாமல் முடியாதாம். மதுரையில் யாரும் இதைச் சொல்லவில்லை. கார் இருந்த பெண்ணுக்கும் வேலை கிடைக்கவில்லை, கம்பெனியிடம் அத்தனை கிளையன்ட்டே கிடையாது. எங்களைக் கொண்டுவந்து இறக்கியதுதான் அவர்கள் வியாபாரம், முதியோர் பராமரிப்பு பெயர்ப்பலகைக்கு மட்டும்.

பேஸ்லிப் கதை தனி. ஒரு மாதம் மொத்தம் 41 மணி நேரம் வேலை பார்த்தேன். பேஸ்லிப்பில் முழு மாதச் சம்பளம், 1,746 பவுண்டு. வங்கிக்கு வந்தது 440. "ஹோம் ஆபீஸ் பார்த்தா முழுச் சம்பளம் தெரியணும்ல, உன் நல்லதுக்குத்தான்" என்றார் மேனேஜர். ஹோம் ஆபீஸ்தான் விசாவைக் கவனிக்கிற பிரிட்டன் அரசுத் துறை. வராத சம்பளத்துக்கான வரியையும் என் கையிலிருந்தே கேட்டார். ஐசியுவில் மருந்து அளவை மில்லி சுத்தமாக எழுதிப் பழகிய கை, அந்தப் பேஸ்லிப்பில் கையெழுத்துப் போட்டது. பயம்தான். ஊரில் இரண்டு வட்டிக்கு வாங்கிய கடன் ஓடிக்கொண்டிருந்தது.

2024-இல் கம்பெனியின் ஸ்பான்சர் லைசென்ஸை ஹோம் ஆபீஸ் ரத்து செய்தது. நவம்பரில் எனக்குக் கடிதம் வந்தது: 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில்தான் இன்னொரு கூட்டம் மோப்பம் பிடித்து வரும். "புது சிஓஎஸ் 6,000 பவுண்டு, நம்ம ஊர்ப் பொண்ணுங்கிறதால 5,000" என்று ஒருவர் பேசினார். தமிழில்தான் பேசினார்.

கொடுக்கவில்லை. இப்படி நடுத்தெருவில் நின்ற கேரர்களை வேறு இடத்தில் சேர்த்துவிட இங்கே பகுதி வாரியாக அரசுப் பணத்தில் அப்போது ஓர் ஏற்பாடு இருந்தது. கடிதம் கிடைத்தவர்கள் அன்றைக்கு முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான். வேலையிடக் கொடுமை பற்றி அப்போது ஜிஎல்ஏஏ என்கிற அரசு அமைப்பில் புகார் செய்ய முடிந்தது. வேலைச் சட்டம் பற்றி ஏகாஸ் என்கிற ஆலோசனை அமைப்பில் இலவசமாகக் கேட்கலாம். நான் ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது தப்பு.

இப்போது கணக்கைப் பாருங்கள். நான் விசாவுக்கு விண்ணப்பித்தபோது ஒரு சிஓஎஸ்ஸுக்குக் கம்பெனி அரசுக்குக் கட்டியது 199 பவுண்டு, அன்றைக்கு சுமார் 20,000 ரூபாய். மூன்று வருட விசாக் கட்டணம் அப்போது 247 பவுண்டு. அரசு மருத்துவச் சேவைக்காக மற்ற விசாக்காரர்கள் கட்டுகிற ஹெல்த் சர்சார்ஜும் இந்த விசாவுக்குக் கிடையாது. பிரிட்டனில் வேலை வாங்கித் தருவதற்கு ஆளிடம் காசு வாங்குவதையே 1973-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. நம் நாட்டிலும் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். பதிவு இருக்கிறதா என்று நம் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். என் ஏஜென்டுக்குப் பதிவே இல்லை. நான் கம்பெனியைத் தேடினேனே தவிர இவரைத் தேடவில்லை.

கம்பெனியைத் தேடிய லட்சணமும் அரைகுறைதான். ஸ்பான்சர் பட்டியலில் பெயர் இருந்தால், விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய உரிமை இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். வேலை இருக்கிறதா என்பது அதில் தெரியாது. இங்கிலாந்து என்றால், பராமரிப்பு நிறுவனங்களை ஆய்வு செய்கிற சிக்யூசி அமைப்பின் தளத்தில் ஆய்வறிக்கை இருக்கிறதா, நிறுவனம் எந்த வருடம் பதிவானது என்பதையெல்லாம் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். என் கம்பெனிக்கு ஓர் ஆய்வறிக்கைகூட இல்லை. அந்தத் தளத்தைப் பற்றியே இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேரர் விசாவில் ஆள் எடுப்பதை பிரிட்டன் நிறுத்திவிட்டது. இப்போதும் உங்கள் ஊரில் யாராவது "கேரர் சிஓஎஸ் கையில இருக்கு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். என் ஏஜென்ட் சும்மா இல்லை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஜெர்மனிக் கொடி பறக்கிறது.

60 நாள் கெடுவுக்குள்ளேயே விண்ணப்பித்து, 2025 பிப்ரவரியில் ஒரு நர்சிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு பைசா கேட்கவில்லை. மேனேஜரும் ஒரு நர்ஸ். ஒரு வருடம் முடிந்ததும் என் ஆங்கிலத்துக்கு அவரே சான்று எழுதிக் கொடுத்தார். நர்ஸாகப் பதிவு செய்ய எழுத வேண்டிய ஓஎஸ்சிஇ செய்முறைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பணம்? அப்பா போலீசில் புகார் கொடுத்தார். வங்கி வழியாக அனுப்பிய 4 லட்சத்துக்கு ஆதாரம் இருந்ததால் அதில் ஒன்றரை லட்சம் திரும்பி வந்திருக்கிறது. கையில் கொடுத்த 9 லட்சத்தை வாங்கவே இல்லை என்கிறார் ஏஜென்ட். அன்றைக்கு ரசீது கேட்ட அப்பாவிடம், "நம்பிக்கை இல்லையாண்ணே?" என்று சிரித்தவர் அவர்தான்.