லேண்டிஸ்: நீதிமன்றமா, பேஸ்பாலா?

கெனசா மவுண்டன் லேண்டிஸ் 1905 முதல் அமெரிக்காவின் சிகாகோவில் கூட்டாட்சி நீதிபதியாக இருந்தவர். 1907இல் ஸ்டாண்டர்ட் ஆயில் எண்ணெய் நிறுவனத்துக்கு அவர் போட்ட அபராதம் 2 கோடியே 92 லட்சத்து 40 ஆயிரம் டாலர். நாடே வாயைப் பிளந்தது. மறு ஆண்டே மேல்முறையீட்டில் அது ரத்தானது.

பின்னர் அவர் பேஸ்பால் ஆணையர், அதாவது அந்த விளையாட்டின் தலைமை நிர்வாகி ஆனார். அந்தப் பதவியில் அப்படித் தடுக்க ஆளில்லை. 1919 உலகத் தொடரை (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) விலைபோய்த் தோற்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட ஒயிட் சாக்ஸ் அணி வீரர்களை 1921இல் ஜூரி விடுவித்தது. மறுநாளே லேண்டிஸ் எட்டுப் பேருக்கு ஆயுள் தடை போட்டுவிட்டார்.

சம்பளமா? ஆண்டுக்கு நீதிபதிக்கு 7,500 டாலர், ஆணையருக்கு 50,000. கொஞ்சகாலம் இரண்டு பதவியிலும் இருந்தார். வழக்கறிஞர் சங்கம் கண்டித்தது. 1922இல் நீதிபதி பதவியை விட்டார்.

என்னைக் கேட்டால், அவர் நீதிமன்றத்திலேயே இருந்திருக்கலாம். அங்கே தவறைத் திருத்த மேல்மன்றம் இருந்தது. ஆணையராக அவர் இருந்த காலம் முழுக்க, 1944இல் இறக்கும்வரை, பேஸ்பாலின் உச்சமட்டப் போட்டிகளான பெரிய லீக்குகளில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை.