எஸ்டேட் பாதைக்குப் பழைய ஆர்எக்ஸ் 100: கையில் பணம் கொடுக்கும் முன்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்துக்குள் நான் ஓட்டுவது யமஹா ஆர்எக்ஸ் 100. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, ஜீப் நுழைய வழியில்லாத மண் பாதையில், ஐப்பசி மழைச் சேற்றிலும் அது இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள், "அண்ணா, எனக்கும் ஒரு வண்டி பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். வண்டி பார்க்கப் போகும்போது நான் எதையெல்லாம் தொட்டுப் பார்ப்பேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. 1985 இல் வந்து 1996 இல் நின்றுபோனது. 98 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவை ஒட்டித்தான். இந்த எடைதான் மலையில் வரம். பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிட்டால் ஒற்றை ஆளாகத் தூக்கி நகர்த்தி வைத்துவிடலாம். பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே விட்டுத் திரும்ப வராமல் தடுக்கும் ரீட் வால்வு இருப்பதால் குறைந்த வேகத்திலும் மூச்சு வாங்காமல் ஏறும். சுசுகி ஷோகன் வேகத்தில் பறக்கும். ஆனால் அதன் சக்தி எஞ்சின் சுழற்சி வேகம் ஏறிய பிறகுதான் விழிக்கும், பாறை மேல் தவழ்ந்து ஏற அது உதவாது. யெஸ்டி 250 நன்றாக இழுக்கும், சேற்றில் விழுந்தால் நிமிர்த்த இரண்டு பேர் வேண்டும். நான்கு கியர் ஆர்எக்ஸ் 135 கிடைத்தால் யோசிக்காமல் போய்ப் பாருங்கள். பந்தயத்துக்கென்றே செய்த வெளிநாட்டு டர்ட் பைக்குகள் அழகுதான். பதிவெண் இல்லாத வண்டியைத் தோட்டத்து வேலியைத் தாண்டித் தார்ச்சாலையில் இறக்க முடியாது.

ஆக ஆர்எக்ஸ் 100 நல்ல வண்டி. ஆனால் கடைசியாக வெளிவந்ததற்கே முப்பது வயதாகிறது. எத்தனை கை மாறியதோ, எத்தனை பட்டறையில் பிரித்து மாட்டினார்களோ. சேலத்தில் இப்போது பளபளவென்று குரோம் பூசி, புது ஸ்டிக்கர் ஒட்டி, லட்சத்துக்கு மேல் விலை சொல்கிறார்கள். அந்தப் பளபளப்புக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். மலைக்கு வேண்டியதெல்லாம் எஞ்சினுக்குள்ளும் சேஸிலும்தான் இருக்கிறது.

போனவுடன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே சைலன்சர் மேல் கையை வையுங்கள். குளிர்ந்திருக்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் ஒருவர் வீட்டுக்குப் போனபோது எஞ்சின் சூடாக இருந்தது. "இப்போதுதான் பால் வாங்கப் போய்வந்தேன்" என்றார். பரவாயில்லை என்று டீக்கடைக்குப் போய், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு திரும்பி வந்தேன். உதைத்து உதைத்து அவருக்கு வியர்த்ததுதான் மிச்சம், வண்டி எழுந்திருக்கவில்லை. குளிர்ந்த எஞ்சின் சோக் போட்டு இரண்டு மூன்று உதையில் எழ வேண்டும். கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். கம்ப்ரெஷன் உள்ள எஞ்சின் கையை எதிர்த்து நிற்கும்.

அடுத்துச் சொல்வதை விற்பவர் சம்மதித்தால்தான் செய்ய முடியும். சம்மதிக்காதவரிடம் நான் வாங்குவதில்லை. சைலன்சரை எஞ்சினோடு பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றிக் கீழே இறக்கிவிட்டு, எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் (புகை வெளியேறும் துவாரம்) டார்ச் அடித்துப் பாருங்கள். கிக்கரை மெல்ல அழுத்தினால் பிஸ்டன் கண்முன் ஏறி இறங்கும். அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால், எஞ்சின் ஒருமுறையாவது சீஸ் ஆகி, அதாவது பிஸ்டன் சூட்டில் இறுகி நின்றிருக்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கை மெல்லிய மரக்குச்சியால் அழுத்தினால் உள்ளே போய் வெளியே வர வேண்டும். கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தால் இழுவை இருக்காது. பிறகு போர்ட்டின் மேல் விளிம்பைப் பாருங்கள். அரம் போட்ட தடம் தெரிகிறதா? பந்தய வேகத்துக்காகத் துவாரத்தை அராவிப் பெரிதாக்கி போர்ட்டிங் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த வண்டி நேர் ரோட்டில் சீறும், தோட்டத்துச் சரிவில் முதல் கியரிலேயே திணறி நிற்கும். வெட்டிய உலோகம் திரும்ப வராது; அதற்கு வேறு சிலிண்டர் பிளாக்தான் தேட வேண்டும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமான சோதனை. இதற்குப் பத்து நிமிடம் கொடுக்காதவர்கள் பல ஆயிரம் ரூபாயை லேத் பட்டறையில் கொடுக்கிறார்கள்.

தேய்ந்த பிளாக்கின் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்தும் போரிங் எத்தனை முறை செய்திருக்கிறது என்றும் கேளுங்கள். உள்விட்டம் முதலில் 50 மி.மீ. ஒவ்வொரு போரிங்குக்கும் கால் மி.மீ. கூடும், 51 மி.மீ. வந்துவிட்டால் பிளாக்கின் காலம் முடிந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 58 மி.மீ. என்றால் அது 135 இன் பிளாக். ஓட்டுவதற்கு நன்றாக இருக்கும், ஆர்சி புத்தகத்தில் 98 சிசி என்றுதான் இருக்கும்.

கிராங்க் தண்டின் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் வளையமான கிராங்க் சீலைப் பற்றி விற்பவர்கள் வாயே திறப்பதில்லை. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் அறை வழியாகத்தான் மேலே போகின்றன. அதனால் இரண்டு பக்கச் சீலும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை முறுக்கிச் சட்டென்று விடுங்கள். சத்தம் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் கூவிக்கொண்டே இருந்தால், மேக்னெட் (மின்சாரம் தயாரிக்கும் சக்கரம்) பக்கச் சீல் வழியாகக் காற்று இழுக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அப்படியே ஏற்றத்தில் ஓட்டினால் பெட்ரோல் குறைந்து சூடேறிப் பிஸ்டன் ஓட்டையாகிவிடும். கிளட்ச் பக்கச் சீல் போயிருந்தால் கியர் ஆயிலையே குடித்து வெண்புகையாகக் கக்கும். புகை டூ-ஸ்ட்ரோக்குக்கு இயல்புதான். சூடான பிறகும் அடர்த்தியாக வருவது இயல்பல்ல. மேக்னெட் கவரைக் கழற்றி உள்ளே ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கவர் திறந்திருக்கும்போதே மேக்னெட்டை மேலும் கீழும் ஆட்டுங்கள். அசைந்தால் கிராங்க் பேரிங் தேய்ந்திருக்கிறது.

மலைக்கென்று தனிக் கணக்கு ஒன்று உண்டு. சேலத்தை விட ஏற்காடு ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் உயரம். காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெலிந்திருக்கும். சேலத்தில் சரியாக ஓடும் கார்புரேட்டர் மேலே வந்ததும் பெட்ரோலை அதிகமாக ஊற்றும், பிளக் கறுத்து ஈரமாகும், வண்டி சோர்வாகப் போகும். அது ஆபத்தில்லை. ஆபத்து அதற்கு நேர்மாறானது. மேலே கார்புரேட்டரில் சிறிய ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) போட்டு அழகாக ஓட்டிவிட்டு, அப்படியே இறங்கி அஸ்தம்பட்டி வழியாகச் சேலம் வெயிலில் முறுக்கினால் எஞ்சின் பெட்ரோலுக்கு ஏங்கிச் சூடேறி சீஸ் ஆகிவிடும். எனவே வண்டி எங்கே ஓடியது, ஜெட் மாற்றினார்களா என்று கேளுங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். காப்பிக்கொட்டை நிறம் நல்லது, வெள்ளை நிறம் கெட்டது.

எஞ்சினுக்குத் தானாக ஆயில் ஊட்டும் ஆயில் பம்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்ரோலோடு 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலந்து ஊற்றும் பழக்கம் நிறைய வண்டிகளில் இருக்கிறது. கலந்து ஊற்றுவதில் தவறில்லை. நான் லிட்டருக்கு 40 மி.லி. ஊற்றுகிறேன். ஆனால் அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆக்ஸிலேட்டரை மூடியபடியே கியரில் இறங்கினால், பெட்ரோல் போகாததால் ஆயிலும் போகாது. பிஸ்டன் வறண்டு ஓடும். இறங்கும்போது அடிக்கடி ஒரு முறுக்கு கொடுத்து ஓட்டியவரா என்று முன்னால் வைத்திருந்தவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் விழித்தால் அந்தப் பிஸ்டனை இன்னொரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும். பெட்ரோல் டியூபை வளைத்துப் பார்த்து, டேங்க் மூடியைத் திறந்து உள்ளே துருவையும் பாருங்கள்.

ஏர் ஃபில்டர் பெட்டி இல்லாத வண்டியை வாங்காதீர்கள். சத்தத்துக்காக அதைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். கோடையில் தோட்டப் பாதைப் புழுதி நேராக எஞ்சினுக்குள் போய் ரிங்கையும் பிளாக்கையும் சாணை பிடித்துவிடும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

சேஸைப் பார்க்கும்போது பெயின்டை நம்பாதீர்கள். ஃபுட்ரெஸ்ட் பிடிக்கும் இடத்திலும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் சேரும் இடத்திலும், ஹேண்டில்பார் தலைக்குக் கீழேயும் விரலால் தடவிப் பாருங்கள். வெல்டிங் மேடு தட்டுப்பட்டால் பள்ளத்தில் குதித்த வண்டி. சென்டர் ஸ்டாண்ட் போட்டுப் பின்சக்கரத்தை இடம் வலமாக இழுத்தால் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்மானம் தெரியும். முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்புங்கள், நடுவில் ஒரு இடத்தில் சிக்கி நின்றால் ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன்செட்டை மாற்ற வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது இரண்டாம் கியரில் ஏற்றத்தில் முறுக்குங்கள். கியர் தானாகக் கழன்றால் பெட்டியைப் பிரிக்காமல் தீராது. முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான், டூ-ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிரேக்கும் குறைவு. ஷூ தேய்ந்திருந்தால் அதே இடத்தில் மாற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

காகிதம் கடைசியில் வருவதால் அலட்சியம் வேண்டாம். சேஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் எடுத்து ஆர்சியோடு ஒப்பிடுங்கள். 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. ஆர்சியில் பழைய ஃபைனான்ஸ் கடன் குறிப்பு நீக்கப்படாமல் இருந்தால், அந்த நிறுவனம் மூடிப்போயிருந்தால், அதை நீக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்சியில் பெயர் உள்ளவரே கையெழுத்துப் போட வேண்டும். அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆம் பிரிவு தடுக்கிறது. காப்புக்காட்டுக்குள் வண்டியை விடுவது வனத்துறைக் குற்றம். உரிமையாளர் அனுமதித்த தோட்டப் பாதை போதும்.

விலை பேசும்போது சீல், கிராங்க் பேரிங், ரிங், பிரேக் ஷூ, கோன்செட், டயர் இரண்டு ஆகியவற்றின் செலவைக் கழித்துப் பேசுங்கள். எல்லாம் புதிது என்று சொன்னால் பில் கேளுங்கள். வாங்கிய பிறகு முதல் வேலையாக எஞ்சினைப் பிரித்து இரண்டு சீலையும் மாற்றுங்கள். அது வரை கோரிமேட்டைத் தாண்டி மலையேற்ற வேண்டாம்.