மாடியறைப் பெண்ணின் கதை என்று சொல்லி என்னிடம் 4,350 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்

கோபம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். அடங்கவில்லை. இன்று காலை அவர்களிடமிருந்து வந்த மின்னஞ்சலைப் படித்ததும், இனி யாரும் இதில் விழக்கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். போனது 4,350 ரூபாய். இரண்டு புத்தகங்களுக்கு.

விற்றவர்கள் யார் என்று எழுதப் போவதில்லை. ஆங்கிலப் புத்தகங்களின் அலங்காரப் பதிப்புகளை முன்பதிவில் விற்கும் இணையக் கடை. ஓரத்தில் தங்கப்பூச்சு, பட்டு நாடா, எண்ணிடப்பட்ட பிரதி என்று விளம்பரம் செய்வார்கள். அந்த வகைக் கடைகளில் வாங்கியவர்களுக்குப் புரியும்.

'ஜேன் அயர்' நாவலை நான் கல்லூரி விடுதியில் படித்தேன். சார்லட் பிரான்டி 1847-இல் கரர் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்ட நாவல். என் தங்கையும் அதே கல்லூரி, எனக்கு இரண்டு வருடம் பின்னால். எங்கள் இருவருக்கும் சேர்த்து முதுகு கிழிந்த ஒரே பிரதி. விளக்கை அணைத்த பிறகும் பெர்த்தாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். ஜமைக்காவில் மணமுடித்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த மனைவியை, பைத்தியம் என்று சொல்லிப் பத்து ஆண்டுகள் மூன்றாம் மாடி அறையில் பூட்டி வைத்திருக்கிறான் ரோச்சஸ்டர், கதை சொல்லும் ஜேன் ஆசிரியையாக வேலைக்கு வந்து காதலிக்கும் அந்த மாளிகைக்காரன். நாவல் முழுவதிலும் அவள் நம் காதுபட ஒரு வார்த்தை பேசுவதில்லை. சிரிப்பு கேட்கும், உறுமல் கேட்கும். அவளிடம் கடிபட்ட சகோதரன் மேசன், அவள் இப்படிச் சொன்னாள் என்று ஒரு வரி சொல்வான். அவள் செத்துப்போன செய்தியைக்கூட ஒரு விடுதிக்காரர் வாய் வழியாகத்தான் ஜேனும் நாமும் தெரிந்துகொள்கிறோம். "அக்கா, அவளிடம் யாராவது ஒரு தடவையாவது என்ன நடந்தது என்று கேட்டார்களா?" என்று தங்கை கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

அதனால்தான் அந்த விளம்பரம் என்னைப் பிடித்து இழுத்தது. 'ஜேன் அயர்' நாவலின் மாயாஜால மறுகதை. இந்த முறை பேசுபவள் மாடியறைப் பெண். இப்படித்தான் போட்டிருந்தார்கள்.

நான் உடனே பணம் கட்டவில்லை. மாதிரியாக 14 பக்கங்களை இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். அந்த 14 பக்கங்களைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்தது அங்கேதான். ஜேனின் கல்யாணத்துக்கு முன்பு ஓர் இரவில் பெர்த்தா அவள் அறைக்குள் வந்து மணப்பெண் முக்காட்டை எடுத்துத் தன் தலையில் போட்டுக் கண்ணாடியில் பார்ப்பாள், பிறகு இரண்டாகக் கிழித்துக் காலால் மிதிப்பாள். மூல நாவலில் அதைப் பயந்து நடுங்கும் ஜேன் சொல்கிறாள். மாதிரியில் அதையே பெர்த்தா சொன்னாள். கிழிப்பதற்கு முன் அந்தச் சரிகைப் பின்னலின் கண்ணிகளை நகத்தால் ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். தன் கல்யாணத்தன்று எண்ணிய அதே எண்ணிக்கை வருகிறதா என்று பார்க்கிறாள். வரவில்லை. அப்போதுதான் கிழிக்கிறாள். படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அப்போதும் சந்தேகம் தீரக் கடைக்காரர்களிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். "புத்தகம் முழுவதும் பெர்த்தாதான் சொல்கிறாளா, அல்லது முதல் அத்தியாயம் மட்டுமா?" இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. "முழுவதும் அவள்தான் மேடம். நான் படித்து அழுதுவிட்டேன். உங்களைப் போன்ற வாசகர்களுக்காகவே வந்த புத்தகம்." பதில் அனுப்பிய பெண்ணின் சொல்லை நம்பினேன். புத்தகம் படித்து அழுதேன் என்று ஒருவர் சொன்னால் அதைச் சந்தேகிக்க எனக்கு வராது. முன்பதிவு விலை இரவு 12 மணி வரைதான் என்றார்கள். பிரதி ஒன்று 2,175 ரூபாய். தங்கையின் பிறந்தநாளுக்கும் சேர்த்து இரண்டு. இரவு 10.40-க்கு 4,350 ரூபாயைச் செலுத்தினேன்.

பத்து நாளில் வரும் என்றது 39 நாள் கழித்து வந்தது. பெட்டியைத் திறந்து ஒரு பிரதியின் உறையைப் பிரித்தேன். முதல் அத்தியாயம் முடிவதற்குள் ஓரத்துத் தங்கப்பூச்சு என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

பெர்த்தா பேசுவது அந்த 14 பக்கங்கள் மட்டுமே. பதினைந்தாம் பக்கத்திலிருந்து பழைய நாவல். ஜேனுக்கு எலாரா என்று பெயர் மாற்றி, மாளிகையை மேகத்தில் மிதக்கும் கோட்டையாக்கி, இடையிடையே மந்திரம் தூவியிருக்கிறார்கள். வாக்கியங்கள் எங்கேயோ படித்தவையாக இருக்கவே, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மூலத்தைக் கைபேசியில் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பத்தி பத்தியாக அப்படியே இருக்கிறது. ரோச்சஸ்டரின் நாய் பைலட் இங்கே டிராகன். ஆனால் மூலத்தில் அந்த நாய் கணப்படுப்பின் முன் விரிப்பில் உட்கார்ந்திருந்து, ஜேன் தடவிக்கொடுத்ததும் வாலாட்டுமே, கோட்டையளவு பெரியது என்று சொல்லப்பட்ட இந்த டிராகனும் அதே விரிப்பில் உட்கார்ந்து அதே வாக்கியத்தில் வாலாட்டுகிறது.

இன்னும் கேளுங்கள். ரோச்சஸ்டர் ஜேனைச் செல்லமாக 'ஜேனட்' என்று கூப்பிடுவான். ஆங்கிலத்தில் ஜேன் என்ற பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்தால் ஜேனட். கணினியில் ஜேன் என்பதை ஒரே தட்டில் எலாரா என்று மாற்றியிருக்கிறார்கள், அந்த ஓர் எழுத்து அப்படியே தங்கிவிட்டது. காதல் சொல்லும் இடத்தில் எல்லாம் அவன் அவளை 'எலாராட்' என்று அழைக்கிறான். ஏழு இடங்களில் கோடிட்டு வைத்திருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் ஒரு மனிதர் கூட இதைப் படித்துப் பார்க்கவில்லை.

எனக்குத் தாங்காதது வேறு. மூல நாவலில் அந்தச் சிரிப்புக்குக் காரணம் வேலைக்காரி கிரேஸ் பூல் என்று சொல்லி வைத்திருப்பார்கள். ஜேனோடு நாமும் அவளைச் சந்தேகிப்போம், பேயோ என்றும் பயப்படுவோம். கடைசியில் பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரு மனைவி. பேயைவிட அதுதான் பயங்கரம். இந்தப் புத்தகத்தில் 60-ஆம் பக்கத்திலேயே மந்திரக் கண்ணாடி ஒன்று மாடியில் இருப்பது யார் என்று சொல்லிவிடுகிறது. அவள் உண்மையிலேயே அரக்கியாம், அவளைப் பூட்டி வைத்து ரோச்சஸ்டர் உலகத்தைக் காப்பாற்றுகிறானாம். அவளைப் பற்றி ரோச்சஸ்டர் என்ன சொன்னானோ அதையே உண்மையாக்கிவிட்டார்கள். அவளுக்கு நாக்கு கொடுக்கிறோம் என்று 4,350 ரூபாய் வாங்கியவர்கள், அவளை மறுபடியும் பூட்டி வெளியே இன்னொரு பூட்டும் போட்டிருக்கிறார்கள்.

மறுநாளே புகார் செய்தேன். "48 மணி நேரம் காத்திருங்கள்." காத்திருந்தேன். மறுபடி கேட்டால் புதிய புகார் எண், மறுபடி 48 மணி நேரம். இப்படி நான்கு முறை. ஐந்தாவது முறை வந்த பதில், திருப்பி அனுப்புவதற்கான ஏழு நாள் அவகாசம் முடிந்துவிட்டது என்பது! தொலைபேசியில் 23 நிமிடம் இசை கேட்டபின் ஒருவர் எடுத்து, "உறையைப் பிரித்துவிட்டீர்களே மேடம்" என்றார். உறையைப் பிரிக்காமல் எப்படிப் படிப்பது என்று கேட்டேன். "அது எங்கள் விதிமுறை." சரி, இரண்டாவது பிரதியின் உறை பிரிக்கப்படவில்லையே, அதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரே ஆர்டரில் ஒன்றைப் பிரித்தால் மற்றதும் பிரித்ததாகத்தான் கணக்காம்.

எலாராட் பக்கங்களைப் படம் எடுத்து விமர்சனம் போட்டேன். மறுநாள் அது அங்கே இல்லை. படித்து அழுத பெண்ணுக்கு அனுப்பிய செய்திகள் ஒற்றைக் குறியோடு நிற்கின்றன.

இன்று காலை வந்த மின்னஞ்சல் இது: மூல நூலுக்குக் காப்புரிமை இல்லை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், உங்களுடையது ரசனை வேறுபாடு, நல்லெண்ணமாக 200 ரூபாய் கூப்பன் தருகிறோம், 1,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் செல்லும். சார்லட் பிரான்டி 1855-இல் இறந்தவர். காப்புரிமை இல்லை என்பது எனக்கும் தெரியும். எத்தனை பேர் வேண்டுமானாலும் அந்தக் கதையை எடுத்து எழுதட்டும், எழுதத்தான் வேண்டும். எழுதாமலே எழுதியதாகச் சொல்லி, இலவசமாகக் கிடைக்கும் வாக்கியங்களை 4,350 ரூபாய்க்கு என்னிடம் விற்றதைத்தான் கேட்கிறேன். அதற்குப் பெயர் ரசனை வேறுபாடா?

என்னென்ன கவனிக்கவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முதல் அத்தியாயத்தை மட்டும் மாதிரியாகக் கொடுத்தால் நடுவிலிருந்து ஒரு பக்கம் கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். நள்ளிரவுக் கெடு வைத்தால் அன்று வாங்காதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். 48 மணி நேரம் என்று சொன்னால் திருப்பி அனுப்பும் கெடு என்றைக்கு என்று முதலில் பாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று மதியம் அழைத்துப் பதிவு செய்துவிட்டேன்.

தங்கையின் பிறந்தநாள் வரும் வியாழக்கிழமை. அவளுக்கு வாங்கிய பிரதி உறை பிரிக்காமல் என் மேசையில் இருக்கிறது. நேற்றுத் தொலைபேசியில், "அக்கா, ஏதோ வருகிறது என்றாயே, வந்துவிட்டதா?" என்று கேட்டாள். இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.